சூரைச்செடியின் அடியில் ஒரு பிள்ளை



இறைவாக்கினர் எலியா, கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனியொருவராக எதிர்த்து நின்றவர். விண்ணினின்று நெருப்பு இறங்கக் கண்டவர். அவரே அடுத்த அதிகாரத்தில் அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடுகின்றார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரை வேண்டுகின்றார். அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கின்றோம்.

நம் பிள்ளை ஒன்று அவ்வாறு வந்து அமர்ந்தால் நாம் என்ன சொல்வோம்? “உனக்கு என்ன குறை வைத்தோம்?” என்போம். “நாங்கள் பதுங்குகுழிக்குள் இருந்து, குப்பி விளக்கில் படித்தவர்கள். இதெல்லாம் ஒரு கஷ்டமா?” என்போம். நாம் பட்ட துன்பம் பொய்யன்று. ஆயினும் அதை அளவுகோலாக்கிப் பிள்ளையின் துன்பத்தை அளக்கும்போது, பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: இனி இவர்களிடம் எதையும் சொல்லக்கூடாது.

ஆண்டவர் எலியாவைக் கடிந்துகொள்ளவில்லை. கர்மேலின் வெற்றியை நினைவூட்டி உற்சாகமூட்டவும் முற்படவில்லை. தூதர் வந்து அவரைத் தொட்டு எழுப்புகின்றார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்டு, மறுபடியும் உறங்குகின்றார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உண்ணச் சொல்கின்றார். ஓரேபு மலையை அடைந்த பின்னரே, இங்கே என்ன செய்கின்றாய் என்ற கேள்வி வருகின்றது. எலியா தம் மனக்குறைகளைக் கொட்டுகின்றார். சற்று நேரத்தில் அதே கேள்வி மீண்டும் எழ, அதே குறைகளை அதே சொற்களில் திரும்பவும் சொல்கின்றார். இதைத்தான் முன்பே சொல்லிவிட்டாயே என்று ஆண்டவர் இடைமறிக்கவில்லை. அதன் பின்பே அவருக்குப் பணியும், எலிசா என்ற துணையும் தரப்படுகின்றன.

உணவு, உறக்கம், செவிமடுத்தல், அதன் பின்னரே வழிகாட்டல். நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் இவ்வரிசை தலைகீழாக இருப்பதாகவே எனக்குப் படுகின்றது. 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை பாடசாலை முடிந்து தனியார் வகுப்புக்கும், அங்கிருந்து வீட்டுப்பாடத்துக்கும் செல்கின்றது; உறக்கம் எஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படுகின்றது. பெறுபேறு வந்ததும், வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் படங்களைப் பதாகையில் ஏற்றி மதிலில் கட்டுகின்றோம். ஒரு புள்ளி குறைந்த பிள்ளையும் அந்த மதிலைக் கடந்துதான் நாள்தோறும் பாடசாலைக்குள் நுழைகின்றது. இதை ஊக்குவிப்பு என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை.

பாடசாலை நாட்களின் காலையில் மட்டும் வயிற்றுவலி என்று அழும் பிள்ளையைப் பொய்யன் என்று முடிவுகட்டாதீர்கள். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்பதைவிட “வயிறு வலிக்கிறது” என்பதே சிறு பிள்ளைக்கு எளிதாக வாய்க்கு வரும். அவ்வலியும் உண்மையான வலியே. வைத்தியரிடம் காட்டி உடல்நோய் இல்லையென்று அறிந்தபின், வகுப்பில் நடப்பதை மெதுவாகக் கேளுங்கள். எதிரே இருத்தி விசாரித்தால் வாய் திறவாத பிள்ளை, பாண் வாங்கச் சைக்கிளில் கூட வரும்போது தானாகவே பேசும். அப்போது அறிவுரையை அடக்கிக்கொண்டு, “பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சொல்லில் கொட்டப் பிள்ளைகளால் இயலாது. இதை நம் திருச்சபையினர் சிலர் போர்க்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு, இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இணைந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை உருவாக்கினர். போரின் காயங்களைச் சுமந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வண்ணந்தீட்டினர், கதை புனைந்தனர், நடித்தனர். நம் மறைக்கல்வி வகுப்புகளில் மனனம் செய்விக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இத்தகைய முயற்சிகளுக்கு ஒதுக்கலாமே! அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. களிமண் நம் ஊரிலேயே கிடைக்கின்றது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. பிள்ளையின் மனம் சோர்ந்தால் “செபம் குறைந்துவிட்டது” என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சில வீடுகளில் செய்வினை என்ற பேச்சும் எழுகின்றது. செபியுங்கள், அது தேவை. ஆனால் செபத்தைக் குற்றச்சாட்டாக மாற்றாதீர்கள். சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம், நோயுற்றபோது ஆண்டவரை மன்றாடவும் மருத்துவருக்கு இடமளிக்கவும் ஒருசேரக் கற்பிக்கின்றது. காய்ச்சலுக்கு வைத்தியசாலை செல்வது விசுவாசக் குறைவு இல்லையென்றால், மனநல மருத்துவரிடம் செல்வது மட்டும் எவ்வாறு குறைவாகும்? ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமே இங்கு பெருந்தடை.

பிள்ளை உண்ணாமல், உறங்காமல், நண்பர்களை விட்டு விலகி, வாரக்கணக்கில் முகம் வாடியிருந்தால் காத்திருக்க வேண்டாம். எலியாவைப் போல வாழ்வே வேண்டாம் என்று சொன்னால் அதை மிரட்டலாகக் கொள்ளாதீர்கள். “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேரடியாகவே கேளுங்கள்; அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதே மனநலத் துறையினரின் தெளிவு. தோட்டத்துப் பூச்சிநாசினியையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை இன்றே குறித்து வையுங்கள். அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும் நாளில், முடிந்தால் தந்தையும் தாயும் இருவருமாகச் செல்லுங்கள்.