பாட்டு கேக்குது, பேச்சு கேக்கல

நம்ம டிபார்ட்மெண்ட் லேபில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஐயா ஒருவர் போன செமஸ்டர் ரிடயர் ஆனார். பிரிவு உபசார விழாவை வீடியோ எடுத்து, மெனு எல்லாம் வைத்து ஒரு டிவிடியாகப் போட்டுக் கொடுக்கும் பொறுப்பை நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொண்டோம். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு டிவியும் டிவிடி பிளேயரும்தான். உடம்பு சரியில்லாமல் அவர் மனைவி விழாவுக்கு வரவில்லை. முக்கியமாக அவர் பார்ப்பதற்காகத்தான் இந்த டிவிடி.

டிஸ்க்கைக் கொடுத்த மறுநாள் போன் வந்தது. "தம்பி, படம் நல்லா இருக்கு. பாட்டும் நல்லா கேக்குது. ஆனா யார் பேசுறதும் கேக்கல. நான் பேசினது கூட கேக்கல."

எங்கள் லேப்டாப்பில் போட்டால் எல்லாமே கணீரென்று கேட்கிறது! அப்போ தப்பு எங்கே? அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த டிவிடி தயாரான ராத்திரியில் ஹாஸ்டல் ரூமில் நடந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இரண்டிலும் நாங்கள் செய்த தப்பு ஒன்றேதான். நீங்களும் செய்துகொண்டிருக்கும் தப்புதான் என்று நினைக்கிறேன்.

லேப்டாப் திரை சின்னதாக இருக்கிறதே என்று பக்கத்து ரூமிலிருந்து ஒரு மானிட்டரைக் கடன் வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினோம். ஒரு திரையில் டைம்லைன், இன்னொன்றில் பிரிவியூ. கெத்தாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டிய நிமிஷத்திலிருந்து ஆத்தரிங் சாஃப்ட்வேரில் சத்தம் இல்லை. பிரிவியூவைப் புது மானிட்டருக்கு இழுத்தால் வெறும் கறுப்புக் கட்டம். உடனே என்ன செய்தோம்? சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். சரியாகவில்லை. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினோம். ம்ஹூம். ராத்திரி ஒரு மணிக்கு விண்டோஸையே ஃபார்மட் பண்ணிடலாம் என்று ஒருவன் பென் டிரைவைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

தண்ணி பிடிக்க வந்த ஜூனியர் ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, வேற ஏதாவது பிளேயர்ல பாட்டு போட்டுப் பாத்தீங்களா?"

போட்டோம். அதிலும் சத்தம் இல்லை. அதாவது சாஃப்ட்வேர் மேல் ஒரு குற்றமும் இல்லை! எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு சேர்த்து ஒலியையும் கொண்டு போகும். அதை மாட்டியதும் விண்டோஸ், "புது ஒலி சாதனம் வந்திருக்கிறது" என்று முடிவு செய்து எல்லாச் சத்தத்தையும் மானிட்டருக்குத் திருப்பிவிட்டது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிளேபேக் டிவைஸில் லேப்டாப் ஸ்பீக்கரை டிஃபால்ட் ஆக்கி, சாஃப்ட்வேரை ஒரு தடவை மூடித் திறந்தோம். சத்தம் வந்துவிட்டது. மூடித் திறப்பது எதற்கு என்றால், பல சாஃப்ட்வேர்கள் திறக்கும்போது எந்த ஒலி சாதனத்தைப் பிடித்தனவோ அதையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும்.

கறுப்புக் கட்டமும் அதே கேபிளின் வேலைதான். பழைய சாஃப்ட்வேர்கள் பிரிவியூவை ஓவர்லே என்ற முறையில் காட்டும். அது பெரும்பாலும் பிரதான மானிட்டரில் மட்டும்தான் தெரியும். இரண்டாவது மானிட்டரைப் பிரதானமாக்கினோம், படம் வந்தது. பிரிவியூ செட்டிங்கில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்தியும் பார்க்கலாம்.

நாலு மணி நேரம் போனது. கண்டுபிடித்த சோதனைக்கு ஆனது பத்து செகண்ட்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். ரீ-இன்ஸ்டால் பண்ணுவது டிரபிள்ஷூட்டிங் இல்லை. அது வேண்டுதல் மாதிரி. பலித்தாலும் எதனால் பலித்தது என்று தெரியாது. ஒரே அடியில் இருபது விஷயங்களை மாற்றிவிடுகிறோம். அதனால் அடுத்த தடவை அதே பிரச்சினை வந்தால் திரும்ப அதே வேண்டுதல்.

இத்தனைக்கும் நமக்குச் சரியான வழி தெரியாமல் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டில் அவுட்புட் வரவில்லை என்றால் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போர்டா கேட்கிறோம்? சிஆர்ஓ புரோபை எடுத்து முதல் ஸ்டேஜில் வைக்கிறோம், அடுத்து இரண்டாவதில். சிக்னல் எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதி மார்க்கும் வாங்குகிறோம். லேப் கதவைத் தாண்டியதும் அதெல்லாம் மறந்துபோகிறது!

டிவிடிக்கும் அதேதான். கேமரா ஃபைல், எடிட்டிங், ஆடியோ என்கோடிங், ஆத்தரிங், டிஸ்க், பிளேயர், ஒயர், டிவி. இது ஒரு சங்கிலி. நடுவில் கையை வையுங்கள். அங்கே சத்தம் இருந்தால் முன்பாதி சுத்தம். இல்லையென்றால் பின்பாதியைத் தொடவே வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.

எங்கே புரோபை வைப்பது என்று தெரிய, டிவிடியின் சட்டதிட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1996-ல் கடைக்கு வந்த சாதனம் இது. நம் லேப்டாப் பிளேயர் மாதிரி எதைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்ளாது. டிவிடி வீடியோவில் ஒலி நொடிக்கு 48,000 சாம்பிள். நாம் சேர்க்கும் எம்பி3 பாட்டு பெரும்பாலும் சிடி கணக்கில் 44,100. ஒழுங்காக மாற்றாமல் 44,100-ஐ 48,000 வேகத்தில் ஓட்டினால் பாட்டு கீச்சுக் குரலில் சீக்கிரமே முடிந்துவிடும். வேரியபிள் பிட்ரேட் எம்பி3 என்றால் சில சாஃப்ட்வேரில் போகப் போக உதடும் குரலும் ஒட்டாது. முதலிலேயே 48,000-ல் வேவ் ஃபைலாக மாற்றிவிட்டால் இரண்டு தலைவலியும் இல்லை.

இன்னொரு கணக்கு. படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. சுருக்காத பிசிஎம் ஸ்டீரியோ ஒலி மட்டும் 48,000 × 16 × 2, அதாவது 1.5 மெகாபிட்டுக்கு மேல். "குவாலிட்டி வேணும் மச்சி" என்று வீடியோவை 9-ல் வைத்தால் கூட்டிப் பாருங்கள், 10.5. சில சாஃப்ட்வேர் எரர் காட்டும். தப்பித்து எழுதப்பட்டாலும் பிளேயரில் திக்கித் திக்கி ஓடும். அதே ஒலியை 192 கிலோபிட் டால்பி டிஜிட்டலாக மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. பேச்சுக்கு அது தாராளம்.

மானிட்டர் விஷயத்திலும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் மானிட்டர் எத்தனை பெரிதாக இருந்தாலும் அது டிவி ஆகாது. டிவி, படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். மெனு பட்டனை மூலையில் வைத்தால் மானிட்டரில் அழகு, டிவியில் பாதிதான் தெரியும். அதனால்தான் எழுத்தெல்லாம் நடு 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பிக்சல் தடிமனில் படுக்கைக் கோடு போட்டால் பழைய டிவியில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எந்த ஹாஸ்டல் மானிட்டரிலும் தெரியாது.

"இந்தக் காலத்துல டிவிடியா? யூடியூப்ல ஏத்திட்டு லிங்க் அனுப்பலாமே" என்பீர்கள். லிங்க்கைத் திறக்க முடியாத வீடுகள் இருக்கின்றன. நமக்குச் சோறு போட்டு ஃபீஸ் கட்டும் வீடுகளே அப்படி நிறைய உண்டு. தவிர, இது டிவிடியோடு முடிகிற கதையும் இல்லை. சிம்போசியத்தில் செமினார் ஹால் புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ மாட்டியதும் டெமோ வீடியோ ஊமையாகி, மேடையில் வியர்த்து நிற்கிறோமே, அதுவும் இதே கோளாறுதான்.

இப்போது ஐயா வீட்டுக்கு வருவோம். இந்தத் தடவை ஒழுங்காக, சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனோம். டிஸ்க் சரி. பிளேயரின் பின்பக்கம் ஆறு ஆடியோ சாக்கெட். டிவிக்குப் போனதோ சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே ஒயர். பிளேயர் செட்டிங் 5.1-ல் இருந்தது. நாங்களும் பந்தாவுக்காக ஆடியோவை 5.1-ல் செய்து, "சினிமாவில் வசனம் நடு ஸ்பீக்கரில்தானே வரும்" என்று மைக் டிராக் முழுவதையும் சென்டர் சேனலில் வைத்திருந்தோம். பாட்டு இடது வலதில் வந்தது. பேச்சு, ஒயரே இல்லாத சாக்கெட்டுக்குள் போய் நின்றுவிட்டது. லேப்டாப் பிளேயர் சென்டரை இரண்டு பக்கமும் கலந்து கொடுத்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை.

பிளேயர் செட்டிங்கை ஸ்டீரியோவுக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொரு பிளேயர் இருக்கும். அதனால் ஆடியோவைச் சாதாரண ஸ்டீரியோவாக மாற்றி, புது டிஸ்க் போட்டு, முதலில் ஹாஸ்டல் மெஸ் டிவியில் ஓட்டினோம். மெஸ் அண்ணன் கரண்டியோடு நின்று முழுசாகப் பார்த்தார். அப்புறம்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அந்த ஐயா எத்தனையோ பேட்சுக்கு, "முதல்ல பவர் வருதான்னு பாருப்பா, அப்புறம் ஐசியைக் குறை சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். விழாவில் கடைசியாகப் பேசியபோதும் அதையேதான் சொன்னார். அவர் வீட்டில் கேட்காமல் போனது அந்தப் பேச்சுதான். இரண்டாவது டிஸ்க்கில் அம்மா அதைக் கேட்டார்கள்.

நீங்கள் அடுத்து யாருக்காவது டிஸ்க் போட்டால், அவர் எங்கே உட்கார்ந்து எதில் பார்ப்பார் என்று முதலில் கேளுங்கள். அதே மாதிரி ஒரு டிவியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.