எச்சரித்து அனுப்பினால் போதுமா? கற்பித்து அனுப்புங்கள்!



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் மஹல்லாக்களில் இரண்டு காரியங்கள் ஒருசேரத் தொடங்கிவிடுகின்றன. பெற்றோர் விண்ணப்பங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைகின்றனர். மிம்பர்களில் எச்சரிக்கை உரைகள் ஒலிக்கின்றன. கல்லூரி ஈமானைப் பறித்துவிடும், கைப்பேசி ஒழுக்கத்தைக் கெடுத்துவிடும், சகவாசம் தொழுகையை விழுங்கிவிடும் என்று அடுக்கடுக்காகச் சொல்லப்படுகிறது. கேட்கும் பெற்றோர் அஞ்சுகின்றனர். பிள்ளைகள் தலைகுனிந்து அமர்ந்திருக்கின்றனர். ஜூன், ஜூலை வந்ததும் அதே பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். அந்த உரைகளிலிருந்து அவர்கள் கொண்டு சென்றது என்ன? அச்சம் மட்டுமே. அச்சம் ஒரு வாரம் தாங்கும். அறிவுதான் மூன்று ஆண்டுகள் தாங்கும்.

எச்சரிக்கை தவறு என்று நாம் சொல்லவில்லை. எச்சரிக்கையே போதனை என்று நினைப்பதைத்தான் தவறு என்கிறோம். ஆற்றில் ஆழம் உண்டு என்று நூறு முறை சொல்லலாம். அதனால் ஒருவனுக்கு நீந்தத் தெரிந்துவிடாது.

உண்மை நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மக்தபுக்கு வருவது ஆறாம், ஏழாம் வகுப்பு வரைதான். அதற்குப் பின் டியூஷன், சிறப்பு வகுப்பு, பொதுத்தேர்வு என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. குர்ஆனை ஓதி முடித்த கையோடு மார்க்கக் கல்வியும் முடிந்துவிட்டதாக வீட்டில் கருதிவிடுகிறார்கள். பிறகு கணக்கில் அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்கிறான், இயற்பியலில் வளர்கிறான், மார்க்கத்தில் மட்டும் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிடுகிறான். பதினெட்டு வயதுக்குரிய கேள்விகளைப் பன்னிரண்டு வயதின் பதில்களோடு எதிர்கொள்ளும்படி அவனை அனுப்பிவிட்டு, அவன் தடுமாறினால் கல்லூரியைக் குறை சொல்வது எந்த வகையில் நியாயம்?

நம் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை வேற்றிடங்களுக்கு அனுப்பிய முறையைப் பாருங்கள். முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, செல்லும் இடத்தில் இருப்போர் வேதம் கொடுக்கப்பட்டவர்கள் என்பதை முதலில் தெரிவித்தார்கள். அவர்களிடம் எதை முதலில் சொல்ல வேண்டும், அதை அவர்கள் ஏற்றால் அடுத்து எதைச் சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கற்பித்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சும்படி எச்சரிக்கவும் செய்தார்கள். அங்கே எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது போதனைக்குப் பின் வந்தது.

அபிசீனியா ஹிஜ்ரத்தையும் நினைவுகூருங்கள். முஸ்லிம்கள் மிகச் சிலராக, வேறொரு மார்க்கத்தைப் பின்பற்றும் அரசரின் நாட்டில் போய் வாழ நேர்ந்தது. நஜ்ஜாஷி மன்னரின் அவையில் அவர்களுடைய கொள்கை என்னவென்று கேட்கப்பட்டபோது, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் தயங்கவுமில்லை, சினக்கவுமில்லை. தாங்கள் முன்பு எப்படி வாழ்ந்தோம், இறைத்தூதர் வந்து எதை ஏவினார், எதைத் தடுத்தார் என்பதைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எடுத்துரைத்தார்கள். பிறகு சூரா மர்யமின் தொடக்க வசனங்களை ஓதினார்கள், மன்னர் அழுதார். இந்த நிகழ்வை நமக்கு அறிவிப்பவர் அந்தப் பயணத்தில் உடன் சென்ற பெண்மணியான உம்மு ஸலமா (ரலி) அவர்கள் என்பதைப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது நாம் கேட்கிறோம்: விடுதி அறையில் உடன் தங்கும் நண்பன், "நீங்கள் ஏன் ஐந்து நேரம் தொழுகிறீர்கள்? ஏன் வட்டி கூடாது என்கிறீர்கள்?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டால், பத்து வாக்கியங்களில் விடை சொல்ல நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? "எங்கள் மதத்தில் அப்படித்தான்" என்பது விடையன்று. அப்படிச் சொல்லிப் பழகியவன், அதே கேள்வி ஒருநாள் தன் உள்ளத்திலேயே எழும்போது திகைத்து நிற்பான்.

தொழுகையையே எடுத்துக்கொள்வோம். "கல்லூரிக்குப் போனால் தொழுகை போய்விடும்" என்பது எங்கும் கேட்கும் புலம்பல். நம் மாநிலத்தில் ளுஹர் நேரம் நண்பகல் 12 மணியை ஒட்டித் தொடங்கிப் பிற்பகல் 3 மணி வரையேனும் நீள்கிறது. மதிய உணவு இடைவேளை அதற்குள்தான் வருகிறது. உளூ செய்து நான்கு ரக்அத் ஃபர்ளைத் தொழப் பத்து நிமிடங்கள் போதும். வகுப்பு முடிந்த பின்னும் அஸருக்கு நேரம் இருக்கிறது. உண்மையில் நெருக்கடி வருவது மஃரிபில்தான். கல்லூரிப் பேருந்தில் நெடுந்தூரம் திரும்பும் பிள்ளைக்குச் சூரியன் மறைவதும் இஷா நேரம் நுழைவதும் வழியிலேயே நடந்துவிடக்கூடும். எந்தத் தொழுகைக்கு எங்கே இடர் வரும், அதற்கு வழி என்ன என்று பிள்ளையோடு அமர்ந்து கால அட்டவணையைப் பார்த்துப் பேசிய பெற்றோர் எத்தனை பேர்? கட்டணப் பட்டியலைப் பத்து முறை பார்ப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாகாதா?

பயணச் சட்டம் அடுத்தது. காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்கும், மேலப்பாளையத்திலிருந்து கோவைக்கும் படிக்கச் செல்லும் மாணவன் இரயிலில் தொழுகையை விட்டுவிடுகிறான். அலட்சியம் சிலருக்கு, பலருக்கு அறியாமை. நெடும்பயணத்தில் நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபியீ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபீ மத்ஹபினர் சுருக்கித் தொழுவார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். விடுதியை அடைந்த பிறகோ நிலை மாறுகிறது. ஹனஃபீ சட்டப்படி ஓரிடத்தில் பதினைந்து நாள்கள் தங்க எண்ணியவரும், ஷாஃபியீ சட்டப்படி வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணியவரும் பயணிகள் அல்லர். முழுமையாகவே தொழ வேண்டும். மூன்று ஆண்டும் விடுதியில் "நான் முஸாஃபிர்தானே" என்று சுருக்கித் தொழும் பிள்ளையை யார் திருத்துவது? இதை ஓர் அமர்வில் கற்பித்துவிடலாம். ஆனால் அந்த ஓர் அமர்வு நடப்பதில்லை; எச்சரிக்கை உரை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது.

பாவங்களைப் பட்டியலிடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சினிமா, காதல், கைப்பேசி என்று மட்டுமே பேசுகிறார்கள். வராத நண்பனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுக்கும் "ப்ராக்ஸி" பொய்யில்லையா? பிறர் எழுதிய அசைன்மெண்டைத் தன் பெயரில் ஒப்படைப்பது மோசடியில்லையா? செய்யாத சோதனையின் அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதுவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகாதா? மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவராக நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னது கடைத்தெருவில், மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலின் முன்னால். ஈமான் சோதிக்கப்படும் இடம் சந்தையும்தான்; இன்றைய மாணவனுக்குத் தேர்வு அறையும்தான். தாடி வைத்துக்கொண்டு தேர்வில் பார்த்து எழுதுபவனைக் காணும் சக மாணவர்கள் இஸ்லாத்தைப் பற்றி என்ன எண்ணுவார்கள்?

இனி, "இந்தச் சூழலில் பெண்பிள்ளைகளை அனுப்புவதே ஆபத்து" என்பாருக்கு ஒரு சொல். எச்சரிக்கை முழுவதையும் மகளுக்கும், அனுமதி முழுவதையும் மகனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த நீதி எங்கிருந்து வந்தது? பார்வையைத் தாழ்த்தும்படி குர்ஆன் முதலில் ஏவியது ஆண்களை. அடுத்த வசனத்தில்தான் பெண்களை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. நம் சமுதாயப் பெரியவர்கள் 1955-இலேயே சென்னையில் பெண்களுக்கென எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார்கள். அச்சத்தின் பெயரால் மகளின் படிப்பை நிறுத்துகிறவர், மனைவியின் பிரசவத்துக்கு மட்டும் பெண் மருத்துவர் வேண்டும் என்று தேடுகிறார். அந்த மருத்துவர் யாருடைய மகள்?

பொருளாதாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். "வட்டிக்கு வாங்கிப் படிக்காதே" என்று நாம் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லோடு கடமை முடிந்துவிடுமா? மாற்று வழியைக் காட்டாமல் வழியை மட்டும் அடைப்பவர் வழிகாட்டி ஆகமாட்டார். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கிறது. அதைப் பெறத் தேவையான சாதிச் சான்றிதழை உரிய காலத்தில் வாங்கி வைக்காமல் கலந்தாய்வு நாளில் ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுக் கல்லூரியில் சில ஆயிரங்களில் முடியும் படிப்புக்குத் தனியாரிடம் இலட்சங்களைக் கொட்டுவதற்கு முன், இவற்றை விசாரித்துப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நாம் உரிமையோடு கேட்கிறோம். மினாராவை உயர்த்த வசூல் நடக்கிறது. பள்ளிக்குக் குளிர்சாதனம் பொருத்த வசூல் நடக்கிறது. மஹல்லாவின் ஏழை மாணவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மால் எத்தனை ஊர்களில் உயிரோடு இருக்கிறது? ஏழை மாணவன் ஏழை என்ற வகையிலேயே ஜகாத் பெறத் தகுதியுடையவன். ஒரே இரவின் வலீமா விருந்துக்கு ஆகும் செலவில் ஒரு பிள்ளையின் மூன்றாண்டுப் படிப்பு நிறைவேறிவிடும். இதைச் செய்யாத ஊரில், வங்கிக் கடன் வாங்கியவனை மட்டும் பெயர் சொல்லாமல் மிம்பரில் சாடுவது வீரமன்று.

"கேள்வி கேட்டால் ஈமான் போய்விடும்" என்று பிள்ளைகளின் வாயை அடைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வந்தார். சுற்றியிருந்தோர் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அருகில் அழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அந்த இளைஞர் அதன்பின் அப்பக்கம் திரும்பவே இல்லை. அதட்டல் அன்று செய்ய முடியாததை அந்த உரையாடல் செய்தது. இன்று நம் பிள்ளை மனத்திலிருப்பதை வாய்விட்டுக் கேட்டால், அவனை அதட்டும் கூட்டத்தில் நாம் நிற்கிறோமா, அருகில் அமர்த்தும் நபிவழியில் நிற்கிறோமா?

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். தேர்வு முடிவுக்கும் கல்லூரித் திறப்புக்கும் இடையே சில வாரங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் அந்த வாரங்களில், மாலையில் ஒரு மணி நேரம், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே வகுப்பு நடக்கட்டும். தொழுகை, தூய்மை, பயணம் ஆகியவற்றின் சட்டங்கள் முதலில்; அகீதாவின் அடிப்படைகளும் அவற்றின் காரணங்களும் அடுத்து; வட்டி, வாக்குறுதி, நட்பு, திருமணம் பற்றிய தெளிவு அதற்கடுத்து. கடைசி அமர்வைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கே விட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் ஆலிமின் தொலைபேசி எண் அவர்கள் கையில் இருக்கட்டும்.

மாணவக் கண்மணிகளே, உங்களுக்கும் சில சொற்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள பள்ளிவாசலையும், கல்லூரிக்குள் தொழ ஏற்ற இடத்தையும் கண்டுகொள்ளுங்கள். முதல் வாரத்தில் தள்ளிப்போட்டது முதல் பருவம் முழுவதும் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் செல்ல அனுமதி வேண்டுமென்றால், ஒளிந்து வெளியேறாமல் துறைத்தலைவரிடம் மரியாதையோடு எழுதிக் கேளுங்கள். ராகிங் என்ற பெயரில் எவரேனும் இழிவுபடுத்தினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது. பிற சமய நண்பர்களோடு நேர்மையாகவும் அன்பாகவும் பழகுங்கள். கொள்கையை மறைக்கவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். தவறு நேர்ந்துவிட்டால் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்பதை மறவாதீர்கள். ஒரு நேரத் தொழுகை தவறியதற்காக எல்லாவற்றையும் கைவிடச் சொல்வது ஷைத்தானின் தந்திரம். பாடத்தையும் நன்றாகப் படியுங்கள். பெற்றோரின் உழைப்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஓதும்படி ஏவிய கட்டளையோடு வஹீ தொடங்கிய மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்தினர் கல்விக்கூடத்தைக் கண்டு அஞ்சுவது பொருந்தாது; ஆயத்தமின்றி அங்கே நுழைவதும் பொருந்தாது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், உறுதியான ஈமானையும், நற்குணத்தையும் வழங்குவாயாக! அவர்களைப் பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன்.