அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் ஹேங் ஆகுதா? ஒரகடமும் சென்னை ஏர்போர்ட்டும் சொல்லும் பாடம்

வல்லம் வடகால் சிப்காட் மாதிரியான இடத்தில், காலை ஷிப்டில் பார்கோடு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் என்ன ஆகும்? லேபிள் இல்லாமல் பெட்டி நகராது. பெட்டி நகராவிட்டால் லாரி நிற்கும். காரணம் கேட்டால், "நேத்து அப்டேட் ஆச்சு சார், அதுல இருந்துதான்" என்பார்கள். வீட்டு லேப்டாப்பிலும் இதே கதைதான்.

ஏன் ஹேங் ஆகிறது?

ஒரு ஆப் கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் அப்படி இல்லை. கிராபிக்ஸ், வைஃபை, சவுண்ட் போன்ற ஹார்டுவேருடன் விண்டோஸ் பேச உதவும் மென்பொருள் இது. பல டிரைவர்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே ஓடுகின்றன. அங்கே ஒன்று சிக்கினால் மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும், அல்லது நீலத்திரை வரும்.

2024 ஜூலை 19: என்ன நடந்தது?

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளும் கெர்னலில்தான் இயங்குகிறது. அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சிறிய அப்டேட் கோப்பு போனது. மென்பொருள் தந்தது 20 தகவல்கள். புதிய கோப்பு தேடியதோ 21-வதை. அந்த ஒரு பிசகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கம்ப்யூட்டர் முழுசாகத் திறந்தால்தானே திருத்தம் வந்து சேரும்? பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

அப்போ அப்டேட்டே வேண்டாமா?

2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகைத் தாக்கியபோது, வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தி வைப்பது வீட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதற்குச் சமம்.

உங்கள் லேப்டாப் ஹேங் ஆனால்...

1. கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மாறினால் சிஸ்டம் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும்.

2. 'ரிலயபிலிட்டி மானிட்டர்' திறந்து பாருங்கள். எந்தத் தேதியில் என்ன இன்ஸ்டால் ஆனது, எப்போது கோளாறு தொடங்கியது என்பது வரிசையாகத் தெரியும். தேதி பொருந்தினால்தான் அப்டேட் மீது சந்தேகப்படலாம்.

3. டிரைவர் மீது சந்தேகமா? 'டிவைஸ் மேனேஜர்' போய், அந்தக் கருவியின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பட்டன் மங்கலாக இருந்தால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

4. விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்றால், 'அப்டேட் ஹிஸ்டரி' வழியாக அதை நீக்கலாம். புதிய பதிப்புக்கே மாறியிருந்தால் பழையதுக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள்தான் அவகாசம்.

5. சேஃப் மோடிலும் ஹேங் ஆகிறதா? ராம், எஸ்எஸ்டி, சூடு ஆகியவற்றைச் சோதியுங்கள். அப்டேட் மீது வீண்பழி வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. பிட்லாக்கர் ரெக்கவரி கீ-யை முன்பே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். 2024-ல் அது கைவசம் இல்லாமல் தவித்தவர்கள் பலர். ஆபீஸ் லேப்டாப் என்றால் நீங்களே கை வைக்காமல், நேரத்தையும் திரையின் போட்டோவையும் சேர்த்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது

இது தனிநபர் பிரச்சினை மட்டுமில்லை. வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்காக 18,720 படுக்கை வசதியுடன் கட்டப்பட்ட விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இவ்வளவு பேரின் வேலை நேரம் திரைகளை நம்பி ஓடும் பகுதியில், அப்டேட்டை எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் தள்ளுவது தவறு. முதலில் இரண்டு மெஷின். சில நாள் கழித்து ஒரு லைன். அப்புறம்தான் மொத்த ஆலை. ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அப்டேட் கூடவே கூடாது. கிரவுட்ஸ்ட்ரைக்கே அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இப்படிப் படிப்படியாக அனுப்புவதாக அறிவித்தது.

தனி ஐடி ஆள் வைக்க முடியாத சிறு உதிரிபாக நிறுவனங்களுக்கு, பெரிய வாடிக்கையாளர் நிறுவனங்கள் இந்தப் பயிற்சியைத் தரலாம். உதிரிபாகம் வராவிட்டால் நிற்கப் போவது அவர்கள் லைனும்தான்.

இன்னொன்றும் முக்கியம். சிஸ்டம் ஹேங் ஆகி உற்பத்தி குறைந்தால், அந்தக் கணக்கு லைனில் நிற்கும் ஆபரேட்டர் தலையில் விழக்கூடாது. அப்டேட் பட்டனை அழுத்தியது அவர் இல்லை.