குடும்ப நலப் பகுதி: சொல்லாமல் வைத்த சிகிச்சை

உடற்பருமனைக் குறைப்பதற்காக வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது இன்று பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியதன்று. நம்மைப் போன்ற உத்தியோகக் குடும்பங்களிலும், நீரிழிவாலும் மூட்டு வலியாலும் வருந்துவோர் வைத்தியர் சொற்படி அதனைச் செய்துகொள்கின்றனர். அது யாருக்குத் தகும், யாருக்குத் தகாது என்று தீர்ப்புக் கூற, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நமக்குத் தகுதியில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் நேரும் இடர்களை வீட்டார் எவ்வாறு எதிர்கொள்வது என்பதே இம்மாதம் நாம் பேசப் புகுவது.

நம் நாகபுரித் தமிழ்க் குடும்பமொன்றில் நிகழ்ந்ததை, அவர்கள் இசைவுடன், பெயர் சுட்டாது இங்கே சொல்லுகிறோம். அவ்வீட்டு அம்மையார் வயிற்றைச் சுருக்கும் சிகிச்சை செய்துகொண்டார். அக்கம்பக்கத்தாரிடம் ‘குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்’ என்று சொல்லிவைத்தார்கள். ‘வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்’ என்று நாலு பேர் நகைப்பார்களே என்ற கூச்சந்தான் காரணம். ஒரு மாதம் கழித்து வாந்தி தொடங்கியது. புது வயிறு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று மூன்று வாரம் பொறுத்திருந்தார். அந்நிலையிலேயே உறவினர் திருமணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் பயணமானார். அங்கே சோர்ந்து விழுந்தவருக்கு உள்ளூர் மருத்துவமனையொன்றில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடை தள்ளாடியது, பேச்சும் தடுமாறியது. அப்போதுதான் மகள், “அம்மாவுக்கு வயிற்றைக் குறைத்திருக்கிறார்கள், டாக்டர்” என்று உண்மையை உடைத்தாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று, தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை நரம்பின் வழியே செலுத்தினார்கள். கண் சில நாளில் தெளிந்தது. நடை சீராகப் பல மாதம் பிடித்தது.

இதன் காரணத்தை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் நலம். தயமின் நம் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பில் நில்லாது. உண்டது தங்காமல் வாந்தியாகிக்கொண்டே இருந்தால் அவ்விருப்பு தீர்ந்துபோகும். குளுக்கோஸைச் செரித்துப் பயன்கொள்ள உடலுக்குத் தயமின் வேண்டும். ஆதலால் இருப்பு வற்றிய உடலில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் எஞ்சியதும் செலவாகி, மூளை பாதிக்கப்படக்கூடும். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகளுக்குக் கால் விளங்காமற் போனதை 1890-களில் ஜாவாத் தீவில் கண்டறிந்த ஐக்மன் என்ற டச்சு வைத்தியருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்டதும் இதே சத்தின் குறைவைத்தான். சிகிச்சை நடந்த செய்தி தெரிந்திருந்தால், முதலில் தயமினைக் கொடுக்க எந்த வைத்தியரும் எண்ணியிருப்பார். மறைத்ததனாலேயே அந்த வாய்ப்பு நழுவிற்று.

இனி, எவை பொறுக்கத்தக்கவை, எவை பொறுக்கத்தகாதவை என்று பிரித்துச் சொல்லுவோம். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தலைமுடி உதிர்வது பலருக்கும் உண்டு. சத்துணவு குறையாதிருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். இனிப்பு உண்டவுடன் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வயிற்றுப்போக்கும் தோன்றுவது, குடலை மாற்றி இணைத்தவர்களிடம் மிகுதி. இனிப்பைத் தவிர்த்துச் சிறிது சிறிதாக உண்டால் பெரும்பாலும் அடங்கும். இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அடுத்த முறை செல்லும்போது வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

முதற்சில வாரங்களில் காய்ச்சல், நாடித்துடிப்பு மிகுதல், வயிற்றிலோ இடத்தோளிலோ வலி ஆகியவை தோன்றினால், தையலிட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். நாள்தோறும் வாந்தி, நீர்கூட இறங்காமை, கறுத்த மலம் ஆகியவையும் காத்திருக்கத் தக்கவையல்ல. குடலை மாற்றி இணைத்தவர்க்குப் பல ஆண்டு கழிந்தபின்னும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்வதுண்டு. திடீரென்று சுருண்டு படுக்க வைக்கும் வயிற்றுவலி அதன் அடையாளம். வாயுவென்று எண்ணிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு இராப்பொழுதைக் கழிக்கலாகாது. மூட்டுவலிக்கென்று கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவதும் கூடாது. அவற்றுட் பல வயிற்றில் புண் உண்டாக்கும்.

வேறொரு பின்னடைவு உண்டு. உடலைக்காட்டிலும் உள்ளத்தையே அது மிகுதியாக வருத்தும். குறைந்த எடை சிறிது மீண்டும் ஏறுவதே அது. சுவீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆராய்ச்சியில், குடலை மாற்றி இணைத்தவர்கள் முதல் இரண்டாண்டுக்குள் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்திருந்தனர்; பத்தாண்டு முடிவில் அக்குறைவு 25 விழுக்காடாக நின்றது. அதாவது, சிறிது ஏறுவது பெரும்பாலோர்க்கும் இயல்பு. உடல் தன் பழைய எடையை நாடிப் பசியை மிகுவித்துக்கொள்வதும் இதற்கொரு காரணம். இதை அறியாத வீட்டார், “அத்தனை பணம் கொட்டியும் பயனில்லையே” என்று குத்திப் பேசுகின்றனர். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் எடை பார்ப்பதை விட்டு, வைத்தியரிடம் போவதையும் விட்டுவிடுகின்றனர். போகாமையால் இரத்தச் சோதனையும் நின்று, பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்துக்களின் குறைவு தெரியாமலே வளர்கிறது. அம்மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டியவை. உடல் தேறிற்று என்று நிறுத்தக்கூடியவை அல்ல.

விருந்தோம்பலில் நம்மவர் பெயர் பெற்றவர்கள். ஆனால், “இன்னும் ஒரு கரண்டி” என்று இலையில் வலிந்து இடுவது இத்தகையோர்க்கு அன்பாகாது. அவர்கள் மெல்ல மென்று, பருப்பு, தயிர், முட்டை போன்ற புரத உணவை முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் கைப்பிடியளவு கொள்ளவேண்டியவர்கள். உணவோடு நீர் பருகாமல் அரைமணி கழித்துப் பருகுவார்கள். “ஏன் சாப்பிடவில்லை?” என்று பந்தியில் உரக்கக் கேட்காதிருப்பதே நாம் செய்யத்தக்க பேருதவி.

ஊர் முழுவதும் பறை சாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இருவரும், வெளியில் ஒரு நண்பரும், பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் அறிந்திருக்கவேண்டும். உறவினர் துணை இல்லாத அயலூரில் வாழ்கின்ற நமக்கு இது இருமடங்கு அவசியம். சீட்டு ஒட்டாத பார்சல் எந்த நிலையத்திலும் திகைத்துக் கிடக்கும் என்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே, செய்த சிகிச்சையின் பெயர், நடந்த நாள், மருத்துவமனைத் தொலைபேசி எண், உண்ணும் மருந்துகள், ‘வாந்தியிருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் தருவதைக் கருதவும்’ என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் துன்பம் நேர்ந்தால் 139 என்ற எண்ணை அழையுங்கள். வழியிலுள்ள நிலையத்தில் வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். வருகின்ற வைத்தியருக்குத் தமிழ் தெரிந்திராது. அட்டை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். எழுதிக்கொள்ள இயலாதவர்கள் மருத்துவமனைச் சீட்டுடன் ஞாயிறு மாலையில் சங்க நூலகத்துக்கு வரலாம். நாம் எழுதித் தருவோம், யாரிடமும் பேசமாட்டோம்.