இடம் கொடுத்தவர்களின் நாவல்

ஜோன் ஸ்டைன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஒஃப் ராத்’ நாவலை வைத்து எங்கள் புத்தளத்துக் கரைத்தீவில் இப்போது இரண்டு கட்சி. ஆங்கிலத்தில் முழுதாக வாசித்தவர்கள் நானும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மருமகளும்தான். மற்றவர்களுக்கு நோன்பு மாதத்து இரவுகளில், தராவீஹ் தொழுகை முடிந்து வந்த பிறகு, திண்ணையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொன்னேன். கேட்டவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, சண்டை பிடித்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1930களின் அமெரிக்கா. ஒக்லஹோமாவில் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஜோட் குடும்பம். மழை பொய்க்கிறது, விளைச்சல் இல்லை, நிலம் வங்கியின் கைக்குப் போகிறது. பழம் பறிக்க ஆள் வேண்டும் என்ற துண்டுப்பிரசுரத்தை நம்பி, ஒரு பழைய வாகனத்தில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறார்கள். வழியிலேயே கிழவரும் கிழவியும் மௌத்தாகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வேலை கொஞ்சம், வந்து குவிந்த ஆட்கள் ஏராளம்.

முதல் எதிர்ப்பு மாமாவிடமிருந்து வந்தது. கற்பிட்டிப் பக்கம் பல வருடம் வெங்காயத் தோட்டம் செய்தவர். “இடம் குடுத்தவன் ஒருத்தனும் இந்தக் கதையில இல்லையா? போன இடமெல்லாம் அடிக்கிறவனும் ஏசுறவனும்தானா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியது. ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பிரிவுகளில்தான் தங்கியது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மாமா தன் லாண்ட்மாஸ்டரில் தண்ணீர்ப் பீப்பா ஏற்றிக்கொண்டு முகாம் முகாமாகப் போனவர். அவர் எதிர்பார்த்த கதை வேறு.

அவருக்குத் தெரியாது, கலிபோர்னியாவின் கேர்ன் மாவட்டம் 1939இல் சொன்னதும் இதே முறைப்பாடுதான் என்று. நாவல் அந்த வருடம் ஏப்ரலில் வெளிவந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு அதிகம் விற்ற நாவல் அதுவே. மறு வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆனால் ஜோட் குடும்பம் போய்ச் சேரும் அந்த மாவட்டத்திலேயே, 1939 ஓகஸ்டில் நிர்வாக சபை கூடி, நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அதைத் தடை செய்தது. வந்தவர்களுக்கு நாங்கள் மருத்துவமும் படிப்பும் நிவாரணமும் கொடுத்தோமே, அதில் ஒரு வரிகூட இல்லையே என்பது அவர்களின் ஆத்திரம். மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் தடையை எதிர்த்து எழுதினார், பலிக்கவில்லை. ஒக்லஹோமாவின் காங்கிரஸ் உறுப்பினர் லைல் போரன் சபையில் எழுந்து, எங்கள் சனத்தை இழிவுபடுத்திய பொய் என்று கண்டித்தார். 1940இல், ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் கலிபோர்னிய முகாம்களை நேரில் பார்த்துவிட்டு, ஸ்டைன்பெக் மிகைப்படுத்தியதாகத் தான் நினைக்கவில்லை என்றார்.

அந்தக் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. கிளெல் புரூயட் என்ற பண்ணைத் தொழிலாளி நாவலைக் கையில் பிடித்து எரிக்கிறார். பக்கத்தில் நின்று பார்ப்பவர் பெரும் பண்ணைக்காரர் பில் கேம்ப். புரூயட்டும் வேலை தேடி வெளியிலிருந்து வந்தவர்தான், புத்தகத்தை அப்போது வாசித்திருக்கவும் இல்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவனுடைய கையாலேயே புத்தகம் எரிகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

மருமகளின் குறை வேறு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது இடையிடையே வரும் பொது அத்தியாயங்கள் அவளுக்குச் சலிப்பு. வீதியைக் கடக்கும் ஆமைக்கு ஓர் அத்தியாயமா என்கிறாள். அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் பல தலைமுறையாகச் சொல்லிவரும் குறை இது. நான் உடன்படவில்லை. பழைய கார் விற்பவன் குடியானவனை ஏமாற்றும் அத்தியாயம் ஒன்றுக்காகவே அந்த முறையை ஏற்றுக்கொள்ளலாம்.

ஒன்பதாவது அத்தியாயத்தைச் சொன்ன இரவில்தான் ராத்தா வாய் திறந்தார். மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் வள்ளத்தில் வந்தவர், இங்கேயே கலியாணம் முடித்து எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார். அந்த அத்தியாயத்தில் ஒக்லஹோமாக் குடும்பங்கள் கலப்பையையும் குதிரையையும் அடிமாட்டு விலைக்கு விற்கின்றன, கொண்டுபோக முடியாததை எரிக்கின்றன. “அவங்களுக்கு விக்கிறதுக்காவது வழி இருந்திச்சு தம்பி. எங்கட ஊர்ல வாங்குறதுக்கு யாரு இருந்தா? எல்லாரும் போற ஆக்கள்” என்றார். அதன் பிறகு ஒரு இரவுகூட அவர் வராமல் இருந்ததில்லை. புத்தகத்தின் கட்சிக்கு அவர்தான் தலைவி.

மாமாவுக்குப் பதிலாக நான் எடுத்து வைத்தது தோமஸ் என்ற சிறு தோட்டக்காரரின் இடம். மணித்தியாலத்துக்கு 30 சதம் கொடுத்து வந்தவர் அவர். விவசாயிகள் சங்கம் 25 சதத்துக்கு மேல் கொடுக்காதே என்கிறது. அந்தச் சங்கத்தின் பின்னால் நிற்பது வங்கி. மீறினால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைக்காது. வெட்கத்தோடுதான் அவர் கூலியைக் குறைக்கிறார். மாமா இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். தோட்டக்காரருக்குப் புரியாத கணக்கு இல்லை அது.

என்னைப் பொறுத்தவரை நாவலின் பலமே இந்தக் கணக்குகள்தான். 800 பேர் தேவைப்படுகிறவன் 5,000 துண்டுப்பிரசுரம் அடிக்கிறான், 20,000 பேர் அதைப் பார்க்கிறார்கள், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் புறப்பட்டு வந்துவிடுகிறார்கள். பட்டினிக்காரன் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பான். பீச் தோட்டத்தில் ஜோட் குடும்பத்துக்குப் பெட்டிக்கு ஐந்து சதம் கிடைப்பது, வெளியே இன்னொரு கூட்டம் வேலைநிறுத்தம் செய்து நிற்பதால். அவர்களை அடித்து விரட்டியதும் கூலி இரண்டரைச் சதமாகிறது. ஏழையை வைத்தே ஏழையின் கூலி அறுக்கப்படுவதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய வேறு நாவலை நான் வாசித்ததில்லை. பிரசாரம் என்று ஒதுக்குகிற விமர்சகர்கள் இந்தப் பக்கங்களுக்குப் பதில் சொல்லட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜோட் குடும்பம் புறப்படும் சாலிசோ ஊர் கிழக்கு ஒக்லஹோமாவில் இருக்கிறது. மாபெரும் புழுதிப் புயல்கள் நாசம் செய்தது மாநிலத்தின் மேற்குக் கோடியை. அதே தோட்டங்களில் அதற்கு முன்பே முதுகு வளைத்த மெக்சிக்கர்களும் பிலிப்பினோக்களும் நாவலில் முகம் இல்லாதவர்களாகவே இருக்கிறார்கள். இது சின்னக் குறை அல்ல. இன்னொரு அநியாயமும் நடந்தது. ஒக்லஹோமாவில் பிறந்து, முகாம்களில் வேலை செய்த சனோரா பாப், அதே சனத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் புத்தகம் சந்தையைப் பிடித்துவிட்டதால் பதிப்பகம் அதைக் கைவிட்டது. அச்சில் வந்தது 2004இல்.

ஆனால் ஸ்டைன்பெக் எந்தப் பக்கத்து ஆள் என்பதை மறக்கக் கூடாது. அவர் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பிறந்தவர். இடம் கொடுத்த ஊரின் பிள்ளை. தன் ஊர் கொடுத்த ரொட்டியைப் பற்றி எழுதியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். தன் ஊர் அறுத்த கூலியைப் பற்றி எழுதினார், வசைதான் கிடைத்தது. புத்தளத்தில் பிறந்த நான் இந்த நாவலைக் கொண்டாடுவதற்கு முதற் காரணம் இதுதான். நாங்கள் 1990ஐப் பற்றிப் பேசும்போது தண்ணீர்ப் பீப்பாவோடு நிறுத்திக்கொள்கிறோம். பிற்பாடு வெங்காயப் பாத்தியிலும் உப்பளத்திலும் முகாம் சனத்தைக் குறைந்த கூலிக்குப் பிடித்ததையும், அதனால் வேலை போனது என்று உள்ளூர்க் கூலியாள் அவர்களையே பகைத்ததையும் யாரும் திண்ணையில் இருந்து சொல்வதில்லை.

கடைசிக் காட்சி வந்த இரவில் சண்டை உச்சத்துக்குப் போனது. வெள்ளம் சூழ்ந்த ஒரு கொட்டகை. பிறந்த குழந்தையை இழந்த ரோஸ் ஒஃப் ஷாரன், பட்டினியால் சாகக் கிடக்கும் அந்நிய ஆணுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். ஆபாசம் என்றார்கள் அன்று, அழவைக்கும் தந்திரம் என்றார்கள் சிலர். பதிப்பாசிரியரே மாற்றச் சொன்னார், ஸ்டைன்பெக் மறுத்துவிட்டார். எங்கள் திண்ணையில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம் இருந்தது. மாமா “அஸ்தஃபிருல்லாஹ்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்தாதான் கேட்டார்: “அந்தப் புள்ளைக்கிட்ட குடுக்க வேற என்ன இருந்திச்சு?”

பிறகு எங்களுக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். கற்பிட்டியில் இறங்கியபோது அவருடைய தம்பி நாலு மாதக் குழந்தை. உம்மாவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. கரைக்கு வந்திருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் இருந்து இறக்கிவிட்டு அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். முகாமிலும் பல கிழமை வந்து கொடுத்தாள். மார்க்கச் சட்டப்படி அவளுடைய பிள்ளைகள் இன்று அந்தத் தம்பிக்குப் பால்குடிச் சகோதரர்கள். அந்த வீட்டில் அவர் பெண்ணெடுக்க முடியாது, ஆனால் பெருநாளைக்கு முதல் போகும் வீடு அதுதான்.

“நான் சொன்னேன்தானே, எங்கட ஆக்கள் குடுத்தாங்க” என்றார் மாமா.

“குடுத்தாங்க மாமா. அதே தெருவுலதான் எங்கட வாப்பாவுக்குப் பாதிக் கூலியும் குடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றார் ராத்தா.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த பேராசிரியர் ச. ஹ. ஹஸ்புல்லா வடபகுதி முஸ்லிம்கள் இழந்ததையெல்லாம் கணக்கெடுத்து 2001இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தந்தார். அது வந்தவர்களின் பக்கத்து வேலை. செவ்வையாகச் செய்யப்பட்ட வேலை. மிச்சம் இருப்பது எங்கள் பக்கத்து வேலை. புத்தளத்திலோ கற்பிட்டியிலோ பிறந்த இளம் எழுத்தாளர் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். முதலில் மாமாவைப் போன்றவர்களிடம் போங்கள். 1990இல் உள்ளூர் ஆளுக்கு ஒரு நாள் களை பிடுங்க என்ன கூலி, முகாம் ஆளுக்கு என்ன கூலி, கொட்டில் போட்ட காணிக்கு யார் வாடகை கேட்டார், யார் கேட்கவில்லை, எந்தக் கிணற்றில் அள்ள விட்டார்கள், எதில் விடவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகைகள் சரியாக நினைவிருப்பவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.