நஞ்சில்லா நெல்லுக்கு நிலம் வேண்டாமா?

டெல்டா நகரங்களில் இன்று இயற்கை அங்காடிகள் பெருகிவிட்டன. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி, காட்டுயானம், பூங்கார் என்று மறந்துபோன நெல்லெல்லாம் பொட்டலங்களில் வந்து நிற்கின்றன. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னதும், நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதைகளைப் பரப்பியதும் வீண்போகவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் இந்த மேடைகளில் எழுவதே இல்லை. இந்த இயற்கை விவசாயத்தில் சேரிக்கு என்ன பங்கு?

பங்கு கேட்பதற்கு முதல் காரணம், ரசாயன விவசாயத்தின் கேட்டை முதலில் உடம்பில் வாங்கியவர்கள் நாம்தான். மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றி, வெறுங்காலோடு வயலில் இறங்கியவர் நிலத்துக்காரர் அல்லர், கூலிக்காரர். இன்னொரு இழப்பும் உண்டு. வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெண்டை, குரவை, வரப்புக் கீரை இவையெல்லாம் காசில்லாமல் நம் சட்டிக்கு வந்த கறி. பூச்சிமருந்து வந்தபின் வயலில் அவை அருகிப்போயின. நிலத்துக்காரருக்கு மகசூல் கூடியது. கூலிக்காரரின் குழம்பில் சத்துக் குறைந்தது. எனவே நஞ்சில்லாத உணவு வசதியுள்ளவர்களின் ஆசை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது நம் கோரிக்கை.

ஆனால் இயற்கை விவசாயம் பேசுவோர் சிலர், “அந்தக் காலத்தில் உரமும் இல்லை, மருந்தும் இல்லை, ஊரே ஒரே குடும்பமாக இருந்தது” என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைக் கீழத்தஞ்சையில் வந்து சொல்லக் கூடாது. எருவும் தழையும் மட்டுமே போட்டு விளைந்த அதே பண்ணைகளில்தான் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. அங்கே உழைத்தவனுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வர 1952 வரை, தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மண் நஞ்சில்லாமல் இருந்தால் மனிதர் மனமும் அப்படியே இருக்கும் என்று நம்ப நமக்கு வழியில்லை.

அடுத்தது நிலம். ரசாயனத்தில் பழகிய மண் ஒரே பட்டத்தில் திருந்தாது. இயற்கை விளைபொருள் என்று சான்று பெறவே நெல் போன்ற ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாறுதல் காலம் வேண்டும். அந்த இரண்டு ஆண்டில் விளைச்சல் குறையலாம். சொந்த நிலம் உள்ளவர் தாங்கிக்கொள்வார். வாய்ப்பேச்சில் ஓராண்டுக் குத்தகை எடுத்தவர் என்ன செய்வார்? அவர் தொழு உரம் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றுவார். அடுத்த ஆண்டு நிலம் வேறு கைக்குப் போய்விடும். குத்தகைப் பதிவுக்கு 1969இலேயே சட்டம் வந்தும், பதிவு செய்யாத குத்தகைதான் ஊரெங்கும் நடக்கிறது. சிட்டா, அடங்கல் இல்லாதவருக்கு மானியமும் எட்டாது. விதை பொறுக்கி, நாற்று நட்டு, களையெடுத்து, தூற்றி, எந்த நெல் எந்த மண்ணுக்கு ஆகும் என்று அறிந்த நம் பெண்கள் இயற்கை விவசாயத்திலும் தினக்கூலிகளாகவே நிற்கிறார்கள்.

நிலம் கிடைத்தால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாப்டி இயக்கம், நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் பல்லாயிரம் ஏக்கரை நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பெற்றுத் தந்தது. பிறகு கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து நிலமும் நீரும் உப்பானபோது, இந்த மக்கள்தான் மறியலில் உட்கார்ந்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள், தரிசைத் திருத்திச் சிறுதானியம் விளைவித்தார்கள். விதையை வீட்டிலேயே காத்தார்கள். ஊருக்கென்று தானியக் களஞ்சியம் வைத்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது. கூடி வாழ்வதற்கு இதைவிட நல்ல பாடம் எது?

நமக்கும் நிலம் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக, 1892இல் பிரிட்டிஷ் அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுக்குள் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். அதை மீட்கப் புறப்பட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

நிலத்தோடு சாப்பாட்டுத் தட்டையும் பேச வேண்டும். ஒரு காலத்தில் கூழ் குடிப்பவன் என்று நம்மை ஏளனம் செய்தார்கள். இன்று அதே கேழ்வரகும் கம்பும் ஆரோக்கிய உணவாகி விலை ஏறிவிட்டன. ஆனால் பாரம்பரிய உணவுத் திருவிழாவில் நத்தைக்கும் மாட்டுக்கறிக்கும் இடமுண்டா? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியின் சத்துணவுக் கூடத்தையே மறித்தார்கள். அரிசியில் நஞ்சில்லை என்று சான்று வாங்கினால் போதுமா? அதைச் சமைக்கும் கை யாருடையது என்று பார்ப்பதும் நஞ்சுதானே?

கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பஞ்சமி நிலத்தை மீட்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும். கோயில், மடத்து நிலங்களையும் பயிரிடத் தகுந்த அரசுத் தரிசுகளையும் தலித் பெண்கள் குழுக்களுக்கு நீண்டகாலக் குத்தகையில், எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் விளைவிக்கும் நெல்லையும் சிறுதானியத்தையும் அரசே வாங்கி, சத்துணவுக்கும் ரேஷன் கடைக்கும் அனுப்ப வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, எந்தெந்தப் புல எண்ணில், இன்று யார் பெயரில் இருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதைத் தெருவில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.