வன்னி வீதியில் ஒரு லீற்றரின் கணக்கு

சொகுசு ஜீப் வண்டிகளின் எரிபொருள் நுகர்வு ஆய்வுகூடத்தில் ஒன்றாகவும் வீதியில் வேறாகவும் இருப்பது உலகறிந்த விடயம். இவ்விடைவெளியைக் குறைக்கவே ஐரோப்பா 2017 முதல் பரிசோதனை முறையை மாற்றியது. பாரமும் குளிரூட்டியும் குண்டும் குழியுமான உள்வீதிகளும் வன்னியில் அதனை மேலும் விரிக்கின்றன.

லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் எனக் கொண்டாலும், கிளிநொச்சியிலிருந்து சுமார் 330 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஒருவழிப் பயணத்துக்கே 33 லீற்றர் தேவை. 2022 ஜூலையில் கியூஆர் முறை அறிமுகமானபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்ததோ வாரத்துக்கு 4 லீற்றர். முல்லைத்தீவு மீனவரும் வவுனியா முஸ்லிம் வியாபாரியும் எட்டு வாரம் காத்திருந்து பெற்ற அளவு அது.

1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மக்களுக்கு எரிபொருளின் பெறுமதியைக் கற்பிக்க வேண்டியதில்லை. பொதுப்பணத்தில் ஓடும் வாகனங்களின் ஓட்டப் பதிவுகளை மக்கள் முன் வைப்பதே நியாயமாகும்.